தரிசில் நரிப்பயறு: விதை எடுப்பது முதல் மாட்டுக்குப் போடுவது வரை

தாளடி (குறுவைக்குப் பின் வரும் இரண்டாம் போக நெல்) அறுத்த வயலில், வரப்போரத்தில், புறம்போக்கில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் இந்தச் செடியைப் பார்க்காத ஆள் கிராமத்தில் இருக்க மாட்டார். பாசிப்பயறின் காட்டுச் சொந்தம். தமிழில் நரிப்பயறு. தெலுங்கில் பில்லிபெசர, அதாவது பூனைப் பாசிப்பயறு. நாம் நரியைப் பிடித்தோம், அவர்கள் பூனையைப் பிடித்தார்கள். மனிதன் சாப்பிடுகிற பயறு இல்லை என்பதுதான் இரண்டுக்கும் அர்த்தம். (பஞ்ச காலத்தில் ஏழைகள் அதையும் அவித்துத் தின்றிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) கிருஷ்ணா, கோதாவரி டெல்டாவில் நெல்லுக்குப் பின் மாட்டுத் தீவனமாகவே இதை விதைக்கிறார்கள். நம் பக்கம் பசுந்தாள் உரமாகத்தான் அதிகம் பேசப்படுகிறது. இரண்டுக்கும் ஆகும்: ஓரிரு முறை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை மடக்கி உழலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கம்பு நேப்பியர், சோளம் மாதிரி டன் கணக்கில் குவிக்கிற பயிர் இது இல்லை. ஏக்கருக்கு மொத்தமாக 2 முதல் 3 டன் பச்சை கிடைத்தால் நல்ல விளைச்சல். நெல் விட்டுப்போன ஈரத்தில், வேறு எதுவும் போடாத இடைவெளியில், ஏறக்குறைய செலவில்லாமல் புரதத் தீவனம் தருகிறது. அதனால்தான் இதற்கு மதிப்பு. கிணற்றுத் தண்ணீரும் நல்ல நிலமும் வருடம் முழுக்க இருந்தால் வேலிமசாலோ குதிரைமசாலோ போடுங்கள், அதில் லாபம் அதிகம்.

செடியை அடையாளம் காண்பது

ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலை. ஒவ்வொரு சிற்றிலையும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். விக்னா ட்ரைலோபேட்டா என்ற அறிவியல் பெயரில் உள்ள ‘ட்ரைலோபேட்டா’வுக்கு மூன்று மடல் என்றுதான் பொருள். பழைய புத்தகங்களில் பேசியோலஸ் ட்ரைலோபஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. பூ சிறியது, மஞ்சள், நீண்ட காம்பின் நுனியில் சிறு கொத்தாக வரும். காய் மெல்லிய குச்சி போல உருண்டிருக்கும். முற்றினால் கறுத்து, வெயில் ஏறியதும் முறுக்கிக்கொண்டு வெடிக்கும்.

குழப்பம் எங்கே வரும் என்றால், வடநாட்டு மோத் பயறையும் சிலர் நரிப்பயறு என்றே சொல்கிறார்கள். விதைக் கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் அது வந்து சேரலாம். மோத் பயறின் சிற்றிலை ஆழமாக வெட்டுப்பட்டு விரல் விரலாக ஒடுங்கி இருக்கும். நரிப்பயறின் மடல் அகலமானது, வெட்டு ஆழம் குறைவு. மோத் பயறும் தீவனம்தான், நஷ்டமில்லை. ஆனால் அது வறண்ட மணற்பாங்கான நிலத்துப் பயிர். டெல்டாவின் களிமண் ஈரத்தை நரிப்பயறு தாங்குகிற அளவுக்கு அது தாங்காது.

விதை: பாதித் தோல்வி இங்கேதான்

காட்டுச் செடிகளுக்கு ஒரு தந்திரம் உண்டு. எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்துச் செத்துவிடக் கூடாது என்று, பாதிக்கு மேல் தோலை இறுக்கி வைத்துக்கொள்ளும். தண்ணீரே உள்ளே போகாது. கைவிதைப்பு செய்துவிட்டு “விதை பொய்த்துப்போச்சு” என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். விதை பொய்க்கவில்லை, தூங்குகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். 100 விதையை எண்ணி ஒரு டம்ளர் தண்ணீரில் ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் குடித்தவை இரண்டு மடங்காக உப்பி, தோல் சுருங்கி விரிந்து, நகத்தால் அழுத்தினால் பிதுங்கும். குடிக்காதவை போட்டபடியே சிறுத்து, கறுத்து, தட்டில் உருட்டினால் கடுகு மாதிரி டக் டக்கென்று ஓடும். உப்பியது 70க்கு மேல் இருந்தால் அப்படியே விதைக்கலாம். 30, 40 என்றால் தோலைக் கீற வேண்டும்.

கீறுவதற்கு இரண்டு வழி. முதல் வழி மணல். ஒரு கிலோ விதைக்கு ஒரு கிலோ பருமணல் சேர்த்துக் கெட்டியான சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, சிமெண்ட் களத்தில் காலால் மிதித்து 10 நிமிடம் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு பிடி எடுத்து மறுபடி டம்ளர் சோதனை. 70 வரும்வரை தேயுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆசைப்பட்டுத் தேய்த்தால் பருப்பு இரண்டாக உடையும். உடைந்தது முளைக்காது, பக்கத்து விதைக்கும் பூஞ்சாணம் கொண்டுவரும்.

இரண்டாவது வழி வெந்நீர். கொதிக்கிற தண்ணீர் மூன்று பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 80 டிகிரி இருக்கும், தெர்மாமீட்டர் தேடி அலைய வேண்டாம். விதையைத் துணியில் தளர்வாக முடிந்து 3 முதல் 4 நிமிடம் முக்கி எடுத்து, உடனே பச்சைத் தண்ணீருக்கு மாற்றி ராத்திரி ஊறவிட வேண்டும். விதையைவிட ஐந்து மடங்காவது வெந்நீர் இருக்கட்டும், இல்லாவிட்டால் போட்டதுமே சூடு இறங்கிவிடும். கொதிநீரிலேயே நேராகப் போட்டால் சுண்டல்தான். எந்த வழியானாலும் முதலில் 50 கிராமில் செய்து பார்த்துவிட்டு மொத்த விதைக்குப் போங்கள்.

எது நல்லது? தாளடிக்குள் தெளிப்பதற்கு மணல் வழிதான். விதை காய்ந்தே இருப்பதால் வயல் பதம் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் கெடாது. வெந்நீரில் ஊறிய விதையை அன்றைக்கே விதைத்தாக வேண்டும். மானாவாரிப் புஞ்சையில் விதைப்பவர்கள் முக்கால் பங்கைக் கீறி, கால் பங்கைக் கீறாமல் கலப்பது புத்திசாலித்தனம். முதல் மழைக்குப் பிறகு காய்ந்து போனாலும் அடுத்த மழைக்கு முளைக்க ஆள் மிச்சம் இருக்கும்.

விதை அளவு ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ. தாளடியில் தெளிப்பதற்கு 6 கிலோவுக்குக் குறைக்க வேண்டாம், மெஷின் அறுவடை என்றால் இன்னும் ஒரு கிலோ கூட்டுங்கள்.

ரைசோபியம் (வேர்முடிச்சில் இருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) கலப்பதை விட்டுவிடாதீர்கள். ஏக்கர் விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதைமேல் மெல்லிய பூச்சாக ஒட்டும்படி புரட்டி, நிழலில் 15 முதல் 30 நிமிடம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் நுண்ணுயிர் செத்துவிடும், வெயிலில் காயவைத்தாலும் அதே கதி. வயல் ஈரமாக இருந்தால் பொட்டலத்தை நனையாத இடத்தில் வைத்து, தெளிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கலப்பது நல்லது.

விதைப்புப் பதம்

தாளடியில் நெல் நிற்கும்போதே தெளிப்பதுதான் வழக்கம். ஜனவரி, பிப்ரவரியில் வரும் அறுவடை இதற்குத் தோது. கை அறுவடை என்றால் 7 முதல் 10 நாள் முன்பு. மெஷின் அறுவடை என்றால் 3 முதல் 5 நாள் முன்பு போதும். காரணம் எளிது. 10 நாள் முளைத்த கன்றின் மேல் மெஷினின் சங்கிலிப் பட்டை ஏறினால் தண்டு முறிந்துபோகும். அப்போதுதான் முனை விட்ட விதையை அது மண்ணில் அழுத்திவிட்டுப் போகும், பிழைத்துக்கொள்ளும்.

பதத்தை எப்படிப் பார்ப்பது? வெறுங்காலோடு வயலில் நாலு எட்டு வையுங்கள். குதிகால் பதிய வேண்டும், தடம் மெழுகு மாதிரி அப்படியே நிற்க வேண்டும், தடத்துக்குள் தண்ணீர் கசிந்து தேங்கக் கூடாது. கசிந்தால் விதை அழுகும். இரண்டு நாள் வடியவிட்டு மறுபடி பாருங்கள். தடமே விழாமல் விளிம்பில் விரிசல் விட்டால் பதம் போய்விட்டது, ஒரு நனைப்பு கொடுத்து வடித்துவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். நரிப்பயறு முளைத்த முதல் பத்து நாளில் தேங்கிய தண்ணீரைத் தாங்காது. வளர்ந்த பின் ஒரு நாள் நின்றாலும் சமாளிக்கும்.

விதை சிறியது, கையில் சீராக வராது. இரண்டு மடங்கு உலர்ந்த மணல் கலந்து, பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்குவாக்கிலும் தெளியுங்கள்.

மெஷின் போனதும் உடனே கவனிக்க வேண்டியது வைக்கோல். மெஷின் வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும். அது இரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் அடியில் முளைத்தது வெளிச்சமில்லாமல் வெளுத்து நீண்டு செத்துவிடும். பிறகு வயலைப் பார்த்தால் வைக்கோல் கிடந்த இடமெல்லாம் மொட்டைக் கோடாகத் தெரியும். சுருட்டுகிற மெஷின் வரத் தாமதமானால் ஆளை விட்டு வரப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

புஞ்சையிலோ, கோடையில் கிணற்றுப் பாசனத்திலோ போடுவதானால் இரண்டு உழவு போதும். 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக, 2 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கலாம். ஆழம் கூடினால் இந்தச் சின்ன விதைக்கு மேலே வரத் தெம்பு இருக்காது. விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்து 12 முதல் 15 நாளுக்கு ஒன்று. வண்டலும் களியும் கலந்த மண் உகந்தது. டெல்டாவில் பனி ஈரமும் மண் ஈரமும் இருந்தால் பல வயலில் முதல் வெட்டு வரை தண்ணீரே தேவைப்படாது.

முப்பது நாள் வரை

யூரியா போடாதீர்கள். தழைச்சத்தை மண்ணில் கண்டால் செடி வேர்முடிச்சு போடச் சோம்பேறித்தனப்படும். மணிச்சத்து வேண்டும், உழுது விதைப்பவர்கள் அடியில் ஏக்கருக்கு 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை போட்டால் முடிச்சும் நன்றாக வரும், வெட்டிய பின் துளிர்ப்பதும் வேகமாக இருக்கும். தாளடியில் நெல்லுக்குப் போட்டதே எஞ்சியிருக்கும் என்பதால் பெரும்பாலும் எதுவும் போடுவதில்லை.

25ஆம் நாள் வாக்கில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். பக்க வேரிலும் ஆணிவேரிலும் சிறு மணிகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, லேசான ரத்த நிறத்தில் இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துவிட்டது. முடிச்சே இல்லாமல் இலையும் வெளிறியிருந்தால் ரைசோபியம் ஒட்டவில்லை, அல்லது வயலில் தண்ணீர் நின்றிருக்கிறது.

களையில் இரண்டைத்தான் சொல்ல வேண்டும். ஒன்று பார்த்தீனியம்: தீவனத்தோடு கலந்து போனால் பால் கசக்கும், பூப்பதற்கு முன் பிடுங்கிவிடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. இன்னொன்று கஸ்குட்டா, அம்மையார் கூந்தல் என்பார்கள். இலையும் வேரும் இல்லாத மஞ்சள் நூல், நரிப்பயறின் மேல் சுற்றிச் சாற்றை உறிஞ்சும். ஆந்திரத்துத் தாளடிப் பயறுகளில் இது பெரிய தலைவலி. தங்கக் கொடி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நூலை மட்டும் பிய்த்தால் ஒட்டியிருக்கும் துண்டிலிருந்து மறுபடி கிளம்பும். சுற்றிய செடியையும் சேர்த்துப் பிடுங்கி, வயலுக்கு வெளியே எரிக்க வேண்டும். இதன் விதை நரிப்பயறு விதையைவிடப் பொடியானது என்பதால், விதைக்கும் முன் பொடிக்கண் சல்லடையில் சலித்தாலே பெரும்பகுதி கீழே விழுந்துவிடும்.

அசுவினி, வெள்ளை ஈ வரும். தீவனத்துக்கு என்றால் மருந்து அடிக்காமல் இருப்பதே நல்லது. தொல்லை முற்றினால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. மஞ்சள் தேமல் கண்ட செடியைக் கண்டவுடன் பிடுங்குங்கள். அதைக் காப்பாற்ற வழியில்லை. வெள்ளை ஈ அங்கிருந்து பக்கத்து உளுந்துக்கு நோயைக் கொண்டுபோகும்.

வெட்டு

45 முதல் 50 நாளில், பத்துச் செடிக்கு ஒன்றிரண்டு பூக்கத் தொடங்கும்போது முதல் வெட்டு. “இன்னும் பத்து நாள் விட்டால் எடை கூடுமே” என்று தோன்றும். கூடும், ஆனால் கூடுவது தண்டு. இலை உதிரத் தொடங்கும், நார் ஏறும், துளிர்ப்பும் மந்தமாகும்.

தரையிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். நாலு விரலை மடக்கித் தரையில் வைத்தால் வருகிற உயரம். துளிர் வருவது அடிக்கணுவிலிருந்து. தரை மட்டத்தில் சீவினால் அந்தக் கணுவும் போய்விடும், இரண்டாம் வெட்டு என்ற பேச்சே இல்லை. கொடி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரு கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து அரிவாளை இழுக்க வேண்டும். மொட்டை அரிவாள் வேரோடு பிடுங்கும். ஈரம் இருந்தால் 30 முதல் 35 நாளில் இரண்டாம் வெட்டு வரும். அதற்குப் பிறகு வெட்ட ஆசைப்படாமல், லேசாக மேயவிட்டு உழுதுவிடுவது நல்லது.

எவ்வளவு நிலம் போதும் என்று ஒரு கணக்கு. முதல் வெட்டில் ஏக்கருக்கு 1.5 டன் என்று வையுங்கள், சென்டுக்கு 15 கிலோ. இரண்டு கறவைக்கு நாளுக்கு 6 கிலோ வீதம் 12 கிலோ. 20 சென்டில் 300 கிலோ, அதாவது 25 நாளுக்குப் பச்சை. அதற்குள் மிச்சம் முற்றிவிடும். ஆகவே இரண்டு மாடு வைத்திருப்பவர் ஒரு ஏக்கர் போட்டால், பெரும்பகுதியைக் காயவைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

மாட்டுக்குப் போடும் விதம்

இதில்தான் உயிர் போகிற தப்பு நடக்கும். பயறு வகைப் பசுந்தீவனத்தைப் பசியோடு இருக்கிற மாடு வயிறு நிறையத் தின்றால் உப்புசம் வரும். இளம் இலையில் புரதம் அதிகம், அது வயிற்றில் வேகமாக நொதித்து சோப்பு நுரை போல நுரைக்கிறது. வாயு குமிழிக்குள் சிக்கிக்கொள்வதால் மாட்டால் ஏப்பம் விட முடியாது. இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் நிரம்பி மேடாகும், தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வரும், மாடு தீனியை விட்டுவிட்டு மூச்சு வாங்கும்.

வராமல் தடுக்க: முதலில் வைக்கோலோ சோளத்தட்டையோ ஒரு வாய் தின்ன விட்டு, பிறகு பச்சை. காலைப் பனியோடு வெட்டியதைக் கொடுக்கவே கூடாது. வெட்டி 3 முதல் 4 மணி நேரம் நிழலில் பரப்பி வாடவிட்டுப் போடுங்கள். முதல் நாள் ஒரு கிலோவில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். கறவை மாட்டுக்கு 15 முதல் 20 கிலோ புல்வகைப் பச்சையோடு 5 முதல் 7 கிலோ, ஆட்டுக்கு ஒரு கிலோ போதும். புல்லும் வைக்கோலும் இரண்டு பங்கென்றால் பயறு ஒரு பங்கு. அந்த விகிதத்தைத் தாண்டாதீர்கள். மேயவிடுவதானால் மதியத்துக்கு மேல், ஏற்கெனவே தின்ற மாட்டை, முளைக்குச்சி அடித்துக் கட்டி ஒரு மணி நேரம்.

வந்துவிட்டால் உடனே 1962க்குக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. ஆள் வரும்வரை மாட்டை முன்னங்கால் மேடான இடத்தில் நிறுத்தி, நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மாட்டுக்கு 250 முதல் 500 மில்லி, ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி ஊற்றலாம். எண்ணெய் நுரையை உடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, தலையை ரொம்பத் தூக்காமல், நாக்கை இழுக்காமல் ஊற்ற வேண்டும். புரையேறி நுரையீரலுக்குப் போனால் உப்புசத்தில் பிழைத்த மாடு நிமோனியாவில் சாகும். மாடு படுத்துவிட்டாலோ தலை தொங்கிவிட்டாலோ எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

காயவைப்பது

சத்து இலையில், இலையோ காய்ந்தால் நொறுங்கும். சிக்கல் இவ்வளவுதான். பனி விலகியதும் வெட்டி, அன்று வெயிலில் மெல்லிசாகப் பரப்பி வாடவிட்டு, மறுநாளிலிருந்து நிழலிலோ சிறு குவியலாகவோ உலர்த்துங்கள். உச்சி வெயிலில் புரட்டினால் கையில் தண்டு மட்டும் மிஞ்சும். இலை லேசாகப் பதமாக இருக்கிற காலை நேரத்தில்தான் புரட்ட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு தண்டின் தோலை நகத்தால் சுரண்டுங்கள். தோல் உரிந்து வந்தால் ஈரம் இருக்கிறது. உரியாமல், முறுக்கினால் படீரென்று ஒடிந்தால் அடுக்கலாம். ஒரு டன் பச்சை காய்ந்தால் 200 கிலோ சொச்சம்தான் வரும்.

ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சாணம் பிடிக்கும். அதை மாட்டுக்குப் போடக் கூடாது, சினை மாட்டுக்கு நிச்சயம் கூடாது. முழுதாகக் காயவில்லை, மழை வருகிறது என்றால், அரைவாடலான நரிப்பயறையும் நன்றாகக் காய்ந்த வைக்கோலையும் மாற்றி மாற்றி மெல்லிய அடுக்காகப் போடுங்கள். மிச்ச ஈரத்தை வைக்கோல் வாங்கிக்கொள்ளும், பயறு வாசனையும் ஏறும். வெறும் வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தள்ளுகிற மாடும் இதைத் தின்னும்.

தனியாக ஊறுகாய்ப்புல் (சைலேஜ், காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் தீவனம்) போட இது உதவாது. சர்க்கரை குறைவு, புளிப்பு ஏறாமல் அழுகும். மூன்று பங்கு சோளமோ மக்காச்சோளமோ சேர்த்தால் சரி.

உழுவதும் விதை எடுப்பதும்

குறுவைக்கு நாற்று நடுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பு தண்ணீர் கட்டி மடக்கி உழுதால் மட்கிவிடும். வெட்டி எடுத்த வயலில் தழை குறைவுதான், நெல்லுக்கான உரத்தை முழுசாகக் குறைத்துவிடாதீர்கள். காய் முற்றி வெடித்த பிறகு உழுதால், தூங்குகிற விதை மண்ணில் தங்கி இரண்டு மூன்று வருடம் முளைத்துக்கொண்டே இருக்கும். மேய்ச்சல் தரையில் அது வரம். உளுந்து, பாசிப்பயறு விதைப்பண்ணை வைத்திருப்பவருக்குச் சாபம், கலப்பு என்று விதையைத் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட வயலில் இதைப் போடவே வேண்டாம்.

அடுத்த வருட விதைக்கு, வெட்டாமல் ஒரு மூலையை ஒதுக்கி விடுங்கள். காய் எல்லாம் ஒன்றாக முற்றாது. காத்திருந்தால் முதலில் முற்றியது வெடித்துச் சிதறிவிடும். கறுத்த காயை வாரத்துக்கு இருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், பனியில் நமத்திருக்கும்போதே பறித்துத் துணியில் முடிந்து வாருங்கள். களத்தில் பரப்பி மேலே ஒரு வலையோ பழைய சேலையோ மூடுங்கள், இல்லாவிட்டால் வெடித்து நாலு பக்கமும் தெறிக்கும். அடித்து, தூற்றி, சலித்து, பல்லில் கடித்தால் ‘கடக்’கென்று உடையும்வரை காயவைத்து, கிலோவுக்கு 10 கிராம் வசம்புப் பொடி கலந்து மூடுங்கள். பயறு வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டிருக்கும். டப்பாவில் போட்டு மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். விதையில் ஊசித்துளை தெரிந்தால் அன்றைக்கே மறுபடி வெயிலில் போட்டு, சலித்து, புது வசம்பு கலக்க வேண்டும்.